பழைய படங்களைக் காட்டி அழைத்த காட்டு விடுதி: பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஈரோட்டில் வசிக்கிறேன். 2019 நவம்பரில் மசினகுடி அருகே ஒரு காட்டு விடுதியில் குடும்பத்துடன் தங்கினோம். அறையும் சாப்பாடும் கவனிப்பும் அவ்வளவு நிறைவாக இருந்ததால், சென்ற அக்டோபரில் அங்கேயே 2 காட்டேஜ்களை 2 இரவுகளுக்கு எடுத்தோம். "எல்லாம் போன முறை மாதிரியேதான் இருக்கும் மேடம், புதுசா பெயின்ட்கூட அடிச்சிருக்கோம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, அறைகளின் படங்களையும் அனுப்பினார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை ரூ.34,000 முழுவதையும் முன்பணமாகக் கட்டினார்.

போய்ப் பார்த்தால் கட்டில் தலைமாட்டுச் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை. கீசர் வேலை செய்யவில்லை; பாவம், காவலாளிதான் விடியற்காலையில் விறகு மூட்டி வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஜன்னல் கொசுவலை கிழிந்த இடத்தில் நாளிதழை ஒட்டியிருந்தார்கள். தாழ்வாரப் பலகை உடைந்து பேத்தியின் கால் உள்ளே போய்ச் சிராய்த்துவிட்டது. சமையலறைக்குப் பின்னால் கழிவுக்குழி திறந்தே கிடக்க, இரவெல்லாம் காட்டுப்பன்றிகள். வளாகத்தில் விளக்குகள் இல்லை. 2019இல் இரவு ஜீப்பில் கூட்டிப்போய் யானை காட்டியவர்கள் இம்முறை மறுத்துவிட்டார்கள். தெப்பக்காட்டில் வனத்துறையின் வாகனச் சவாரியும் மழையால் நடக்கவில்லை.

புகார் சொன்னதும், அடுத்த முறைக்கு 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொல்லி, ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். கூகுளில் நான் எழுதிய விமர்சனத்துக்காக அவதூறு வழக்குப் போடுவோம் என்றும் மிரட்டுகிறார்கள். "எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று வருகைப் பதிவேட்டில் அச்சிட்டிருந்தது. மாப்பிள்ளை அதில் கையெழுத்திட்டிருக்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா? காவலாளிக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: அன்புள்ள அம்மா, வழி இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள குறைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில சட்டப்படி நிற்கும், சில காட்டின் இயல்பு, ஒன்றை நீங்கள் புகாரில் எழுதினால் அது உங்களுக்கே பாதகமாகும். அவற்றைப் பிரித்தறியாமல் மொத்தமாக எழுதிக் கொடுக்கப்படும் புகார்களில், வலுவான குறைகளும் வலுவற்றவற்றோடு சேர்ந்து மதிப்பிழந்துவிடுகின்றன என்பதால், முதலில் அந்தப் பிரிப்பைச் செய்துகொள்வோம்.

இரண்டாம் முறை தங்கப் போனவர்கள் எல்லோரும் சொல்வது, "போன முறை எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா" என்பதுதான். வெறும் நினைவாக இருக்கும்வரை அதற்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11)ஆம் பிரிவு, சட்டப்படி கடைப்பிடிக்க வேண்டிய தரத்திலோ, ஒப்பந்தப்படி செய்து தருவதாக ஏற்றுக்கொண்ட தரத்திலோ ஏற்படும் குறைவையே சேவைக் குறைபாடு என்கிறது. உங்களுடைய எதிர்பார்ப்பு அந்த அளவுகோலாகாது. ஆனால் உங்கள் விஷயத்தில், "போன முறை மாதிரியேதான் இருக்கும்" என்று அவர்களே எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியால் 2019இல் நீங்கள் கண்ட நிலைமையே இம்முறை ஒப்பந்தத்தின் அளவுகோலாகிவிட்டது. ஆகவே, 2019இல் அதே அறையில் நீங்கள் எடுத்த குடும்பப் படங்கள் இப்போது சான்றாவணங்கள். இம்முறை எடுத்தவற்றோடு அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், நீண்ட வாதம் தேவைப்படாது. சேவை ஒரு குறிப்பிட்ட தரத்தில் இருப்பதாகப் பொய்யாகக் காட்டுவது 2(47)ஆம் பிரிவின்படி முறையற்ற வணிக நடவடிக்கையும் ஆகும் என்பதால், புகாரில் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நீங்கள் இணைத்து அனுப்பிய இரண்டு பில்களையும் பார்த்தபோது, நீங்கள் கவனிக்காத ஒன்று தென்பட்டது. விடுதியின் பெயரும் சின்னமும் இரண்டிலும் ஒன்றுதான். ஜிஎஸ்டி எண்கள் வேறு. பதினைந்து எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்துகள் உரிமையாளரின் பான் எண். உங்கள் பில்களில் அந்தப் பத்தும் முற்றிலும் வேறாக இருக்கின்றன. இடத்தை வேறொருவர் குத்தகைக்கு எடுத்திருக்கலாம், அல்லது பழைய முதலாளியே நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டிருக்கலாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணை உள்ளிட்டால் சட்டப்படியான பெயர் என்னவென்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். நடத்துபவர் மாறிய பின்னும் பழைய பெயரையும் பழைய படங்களையும் காட்டி, "போன முறை மாதிரியே" என்று எழுதியிருந்தால், அது தெரிந்தே ஒரு தகவலை மறைத்ததாகும்; தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே சொல்லாமல் விடுவதையும் மேற்சொன்ன 2(11)ஆம் பிரிவு குறைபாடாகவே கணக்கிடுகிறது. நோட்டீஸைப் பெயர்ப்பலகையில் உள்ள பெயருக்கு மட்டும் அனுப்பாமல், இப்போதைய ஜிஎஸ்டி எண்ணுக்கு உரியவருக்கும் அனுப்ப வேண்டியது இதனால்தான். பெயர்ப்பலகைக்கு எதிராக உத்தரவு வாங்கிவிட்டு அதை நிறைவேற்ற ஆள் தேடி அலைந்தவர்கள் உண்டு.

பூஞ்சை, கீசர், கொசுவலை, தாழ்வாரப் பலகை ஆகிய நான்கும் உங்கள் வழக்கின் உயிர்நாடி. இவற்றிலும் பலகைதான் முதலிடத்தில் இருக்க வேண்டும். நீங்கள் அதைக் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பூஞ்சை பிடித்த சுவர் வசதிக்குறைவு, கால் உள்ளே போகும் அளவுக்கு மக்கிய பலகை பாதுகாப்புக் குறைவு. உங்கள் படத்தில் பலகை முறிந்த இடம் புதிதாகப் பிளந்த மரத்தைப் போல் வெளுத்திருக்கவில்லை. கறுத்துத் தூளாகி, ஆணியைச் சுற்றித் துருவின் கறை படர்ந்திருக்கிறது. அன்று திடீரென நேர்ந்த விபத்து என்று அவர்கள் சொன்னால் அந்தப் படமே பதில் சொல்லும். பேத்திக்கு மருந்து போட்ட மருத்துவரின் சீட்டோ மருந்துக்கடை ரசீதோ இருந்தால், தொகை சிறியதே ஆனாலும் இணையுங்கள்.

பதிவேட்டில் அச்சிட்டிருந்த வரியைக் கண்டு அஞ்ச வேண்டாம். டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில், "உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டிருந்தாலும் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் நழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. அது காரைப் பற்றிய வழக்குதான் என்றாலும், அதே நியாயத்தை ஒரு குழந்தையின் காலுக்கும் பொருத்தி வாதாடலாம்.

இனி, விட்டுவிட வேண்டியவை. வளாகத்தில் விளக்குகள் இல்லை என்பதைக் குறையாக எழுதாதீர்கள். யானைகள் நடமாடும் சீகூர் பீடபூமியின் ஓரத்தில் உள்ள ஒரு விடுதி இரவில் விளக்குகளை ஏற்றிவைக்காமல் இருப்பதும், பாட்டு வைக்காமல் இருப்பதும், புதரை மொட்டையடிக்காமல் விட்டுவைப்பதும் பராமரிப்பின்மை ஆகாது. அப்படித்தான் இருக்க வேண்டும். அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடம்வரை நடக்கும் பாதையில், தரையை மட்டும் காட்டும் தணிந்த விளக்குகூட இல்லாமல் இருந்தது என்றால், அதை மட்டும் குறிப்பாகச் சொல்லுங்கள். வனத்துறைச் சவாரி நடக்காமல் போனதற்கும் விடுதிக்கும் தொடர்பில்லை. முதுமலையில் மழைக்காலத்தில் பாதை சேறாகும்போதும், கோடையில் காட்டுத்தீ அபாயம் இருக்கும்போதும் சவாரியை நிறுத்துவது வனத்துறையின் முடிவு. விடுதி அதற்கென்று தனியே பணம் வாங்கியிருந்தால் மட்டும் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கலாம். விலங்குகளைப் பார்க்க முடியவில்லை என்பதை எந்த நுகர்வோர் ஆணையத்திலும் குறைபாடாக நிலைநாட்ட முடியாது.

இரவு ஜீப் சவாரியைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இருட்டிய பிறகு தனியார் வாகனத்தில் டார்ச் அடித்து விலங்குகளைத் தேடிச் செல்வது மசினகுடிப் பகுதியில் அனுமதிக்கப்பட்டதல்ல; பிடிபட்டால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வரும். 2019இல் அவர்கள் உங்களை அப்படி அழைத்துப் போனது நல்ல கவனிப்பு அல்ல, சட்டமீறல். இம்முறை மறுத்தது ஒன்றுதான் அந்த விடுதி சரியாகச் செய்த காரியம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. சட்டவிரோதமான ஒன்றைச் செய்து தரவில்லை என்று நஷ்டஈடு கேட்க 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடம் தராது. கேட்டால், எதிர்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அதைத்தான். கூகுள் விமர்சனத்திலும் அது இருந்தால் நீக்கிவிடுங்கள்.

திறந்த கழிவுக்குழி உங்கள் பணத்தைவிடப் பெரிய விஷயம். சமையல் கழிவின் வாசனைக்குப் பன்றி வந்தால், பின்னாலேயே கரடியும் சிறுத்தையும் வரும். யானைக்கும் ஊறிய காய்கறித் தோலின் வாசனை வெகு தொலைவுக்கு எட்டும். விலங்கு குடியிருப்புக்குப் பழகுவதும், பிறகு மனிதர்கள் அதை விரட்ட எதையாவது செய்வதும் ஒன்றையொன்று தொடர்பவை. 2021 ஜனவரியில் இதே மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியை நெருங்கிய யானைமீது எரியும் டயரை வீசி, அது காயத்தோடு அலைந்து இறந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். ஆகவே குழியின் படத்தை நுகர்வோர் புகாரோடு மட்டும் நிறுத்தாமல், முதுமலை புலிகள் காப்பகக் கள இயக்குநர் அலுவலகத்துக்கும் நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கும் தனிக் கடிதமாக அனுப்புங்கள். அதில் உங்கள் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்க வேண்டாம். இரண்டையும் கலந்தால், பணத்துக்காக மிரட்டுகிறார்கள் என்று விடுதி சொல்ல நீங்களே இடம் கொடுத்ததாகும்.

எதிர்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதியில் 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. யானை வழித்தடம் பற்றிய தமிழக அரசின் 2010ஆம் ஆண்டு அறிவிக்கையை 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, உரிமையாளர்களின் ஆட்சேபணைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைத்தது. "நாளைக்கு இடம் நிற்குமா என்று தெரியாதபோது எப்படிச் செலவு செய்வது" என்று அங்குள்ள முதலாளிகள் கேட்பதில் மனித நியாயம் ஓரளவு இருக்கலாம். ஆனால் ரூ.34,000ஐ முழுதாக வாங்குவதற்கு முன்பு அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே உங்கள் பதில். கீசரைச் சரிசெய்வதையும் ஒரு பலகையை மாற்றுவதையும் எந்த வழக்கும் தடுத்து நிறுத்தவில்லை. நீங்கள் தங்கிய இடம் வழித்தட எல்லைக்குள் வருகிறதா என்ற ஆராய்ச்சி இந்தப் புகாருக்குத் தேவையில்லை, அதற்குள் இறங்காதீர்கள்.

கூப்பன் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். நீங்கள் அனுப்பிய நகலின் மூன்றாவது பத்தியில், பொடி எழுத்தில், "அனைத்துக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்" என்று இருக்கிறது. கையெழுத்திட்டால், மறுபடி அங்கேயே போய்ப் பணம் செலவழித்தால் மட்டும் கிடைக்கும் 20 சதவீதத்துக்காக, இப்போதுள்ள உரிமை முழுவதையும் எழுதிக்கொடுத்ததாக ஆகும். சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நியாயமான தொகையை வங்கிக் கணக்கில் திருப்பித் தருவதாக அவர்கள் முன்வந்தால் ஏற்றுக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் பணம் வந்த பிறகுதான் கையெழுத்து.

அவதூறு மிரட்டலைப் பொறுத்தவரை, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில், உண்மையானதைப் பொதுநலனுக்காகச் சொல்வதற்கு விலக்கு இருக்கிறது. பூஞ்சை இருந்தது, பலகை உடைந்தது, வெந்நீர் வரவில்லை என்பவை படங்களோடு கூடிய உண்மைகள். அவை அப்படியே இருக்கட்டும். ஆனால் விமர்சனத்தின் கடைசி வரியில் "கொள்ளைக்கூட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது, அந்தச் சொல்லுக்கு உங்களிடம் படம் இல்லை. அதை எடுத்துவிட்டு, தங்கிய தேதியை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து நடைமுறை. முதலில் எழுத்துமூலமாக நோட்டீஸ் அனுப்புங்கள். புகாருக்கு முன் நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை; ஆனாலும் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து விரைவு அஞ்சலில் அனுப்பிய கடிதமும், அது சேர்ந்ததற்கான சான்றும் கோப்பில் இருந்தால் ஆணையம் உங்களைப் பொறுப்புள்ளவராகப் பார்க்கும். நோட்டீஸ் அனுப்பும்போதே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அது தீர்ப்புச் சொல்லும் அமைப்பல்ல, பேசித் தீர்க்க முயலும் அமைப்பு. ஆனால் பல விடுதிகள் அந்த அழைப்பிலேயே இறங்கி வந்துவிடுகின்றன.

பதில் வராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஊட்டிக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரும் வசதியை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு தந்திருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தபடியே பதிவு செய்யலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். தலைமையாசிரியையாக எத்தனையோ விசாரணைக் கடிதங்களுக்குப் பதில் எழுதிய உங்களுக்கு ஒரு புகார்மனுவை எழுதுவது சிரமமாக இருக்காது. காலக்கெடு, குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். எதிர்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக அதிகபட்சம் 15 நாள். அதற்கு மேல் ஆணையமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை இன்றே ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் சேமியுங்கள். செய்திகள் தானாக மறையும் அமைப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள். படங்களை எடுத்த கைப்பேசியை மாற்றவோ, அதிலிருந்து அவற்றை அழிக்கவோ வேண்டாம், ஏனென்றால் எடுத்த நாளும் நேரமும் மூலப் படத்தில்தான் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பெற்ற நகலில் அது இருக்காது. நுகர்வோர் ஆணையங்கள் சாட்சிய விதிகளை உரிமையியல் நீதிமன்றங்கள் அளவுக்கு இறுக்கிப் பிடிப்பதில்லை என்றாலும், இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணங்களுக்குத் தரும் சான்றிதழையும் இணைத்துவிட்டால், பிற்பாடு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனாலும் கவலையில்லை.

எவ்வளவு கேட்பது? முழு ரூ.34,000ஐயும் கேட்பவர்களிடம், "இரண்டு இரவும் தங்கினீர்கள், மூன்று வேளையும் சாப்பிட்டீர்கள் அல்லவா" என்ற கேள்வி வரும். அதற்கு நேர்மையான பதில் இருக்க வேண்டும். காட்டேஜ் வாடகை எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு என்று பில்லில் பிரித்திருக்கிறது. வாடகையில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும்படியும், பேத்தியின் காயத்துக்கும் மன உளைச்சலுக்கும் அளவான ஒரு தொகையும், வழக்குச் செலவும் கேளுங்கள். ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று எழுதினால் ஆணையம் அதிகம் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நான் பார்த்தவரை அப்படி நடப்பதில்லை. முதல் நாளே அறையைக் காலிசெய்யாதது ஏன் என்றும் கேட்பார்கள். மழை, இருட்டு, சிறு வயதுப் பேத்தி, வேறு விடுதி தேடிக் காட்டுப்பாதையில் இரவில் போக முடியாத நிலை ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் அப்படியே எழுதுங்கள். அன்றிரவே நிர்வாகத்துக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் புகாரும், அதற்கு வந்த "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலும் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

காவலாளியைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. அவரை எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. அவர் பெயரையும் எழுத வேண்டாம். "வெந்நீர் வேறு வழியில் ஏற்பாடு செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால் போதும்; கீசர் வேலை செய்யவில்லை என்பது அதிலேயே உறுதியாகிவிடுகிறது. ஒரே ஆளைக் காவலாளியாகவும் சமையல் உதவியாளராகவும் அறைப்பணியாளராகவும் வைத்திருந்தது நிர்வாகத்தின் குறை என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், பழி அவர்மீது திரும்பாமலும் இருக்கும்.

கடைசியாக, பில் மாப்பிள்ளையின் பெயரில் இருக்கிறதே என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். பணம் கொடுத்தவர் மட்டுமல்லாமல், அவருடைய ஒப்புதலோடு சேவையைப் பயன்படுத்தியவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஆகவே புகார் உங்கள் பெயரில் ஈரோட்டிலேயே இருக்கலாம். பணம் தாம் கட்டியது, தங்கியது குடும்பம், புகார் கொடுக்கத் தமக்குச் சம்மதம் என்று மாப்பிள்ளையிடம் ஒரு கடிதம் வாங்கி, பணம் போன வங்கிக் கணக்கு விவரப் பக்கத்தோடு இணைத்துவிடுங்கள். நோட்டீஸின் வரைவை எழுதி முடித்ததும், எதிர்தரப்பின் பெயர் ஜிஎஸ்டி பதிவில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.